கைப்பேசியை உறையில் போட்டு ஒட்டினார்கள்

காலை ஏழு மணிக்கு எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்று ஊருக்கே சொல்லும் வேலை என்னுடையது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்து செல்கின்றன, ஜாலான் கூச்சிங்கில் லோரி ஒன்று பழுதாகி நிற்கிறது, மாற்று வழியைப் பயன்படுத்துங்கள். அந்த மாற்று வழி எது என்று யாராவது திருப்பிக் கேட்டால் எனக்குத் தெரியாது. வானொலி நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகவே 'வேஸ்' போட்டுக்கொள்கிற ஆள் நான். நேயர்களிடம் இதுவரை சொன்னதில்லை. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் பர்மிங்ஹாமில் வேலை செய்யும் என் தம்பி, கடந்த மே மாதம் விடுமுறைக்குப் போன இடத்தில், ஒரு மிதிவண்டிப் போட்டியில் சேர்த்துவிட்டான். "வேகமா ஓட்டுற போட்டி இல்லக்கா. வழி கண்டுபிடிக்கிற போட்டி" என்றான். வேகமாக ஓட்டுவதே மேல் என்று அப்போது தோன்றியது.

இதற்கு ஓரியண்டீரிங் என்று பெயர். வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு, குறிக்கப்பட்ட இடங்களைத் தேடிப் போய்வரும் விளையாட்டு. இராணுவப் பயிற்சியாக இருந்ததை 1897-இல் நார்வேயில் பொதுமக்களுக்கான போட்டியாக நடத்தினார்கள். பிறகு சுவீடனின் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற இராணுவ அதிகாரி இளைஞர்களைக் காட்டுக்கு இழுக்க இதை வளர்த்தெடுத்தார். ஓடிச் செய்வதுதான் மூல வடிவம். மிதிவண்டியில் செய்வதற்குத் தனி உலகப் போட்டியே உண்டு. முதலாவது 2002-இல் பிரான்சின் ஃபோன்டென்புளோ காட்டில் நடந்தது.

நாங்கள் போனது அவ்வளவு பெரிய போட்டிக்கு அல்ல. இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்ஸை ஒட்டிய ஷ்ரோப்ஷியர் மாவட்டத்தில், லாங் மிண்ட் என்ற நீண்ட மலைக்கு மேற்கே ஒரு கிராம மண்டபம். தேநீரும் கேக்கும் விற்கும் பாட்டிகள். மழைச்சட்டை போட்ட முப்பது, நாற்பது ஜோடிகள். விதிமுறை சுலபம். மூன்று மணி நேரம் தருவார்கள். சுற்றுவட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் குறிகள் இருக்கும். பக்கத்தில் இருப்பதற்கு 10 புள்ளி, தூரத்துக்கு 20, 30, மலை மேலே இருப்பதற்கு 50. எந்த வரிசையில் போவது, எதை விடுவது என்பதெல்லாம் நம் இஷ்டம். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 5 புள்ளி கழிப்பார்கள். அரை மணி தாமதமானால் எல்லாம் பூஜ்யம்.

பதிவு மேசையில் இருந்தவர் என் கைப்பேசியை வாங்கி, ஓர் உறையில் போட்டு ஒட்டி, திருப்பிக் கொடுத்தார். விபத்து என்றால் கிழிக்கலாம். வேறு எதற்குக் கிழித்தாலும் போட்டியிலிருந்து நீக்கம். அந்த உறையைப் பையில் வைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், வயிற்றில் என்னவோ செய்தது.

வரைபடம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் தயாரிப்பது. பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் 1791-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. இப்போது அதன் வரைபடங்கள் புத்தகக் கடையில் கிடைக்கின்றன. எங்களுக்குத் தந்தது 50,000-க்கு 1 அளவு. தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் மயிரிழை போன்ற கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் பத்து மீட்டர் உயரம். கோடுகள் விலகி இருந்தால் சமதரை, நெருங்கி இருந்தால் முழங்கால் போச்சு என்று அர்த்தம். நம் நாட்டில் இதே அளவு விவரம் உள்ள அரசு நில வரைபடத்தில் 'தெர்ஹாட்' என்று அச்சிட்டிருக்கும். வாங்குவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த காலத்துக்குப் பொருத்தமான எச்சரிக்கைதான். செயற்கைக்கோள் படத்தைக் குழந்தைகூடக் கைப்பேசியில் பார்க்கும் காலத்தில் அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தார்கள். நான் வண்டியில் ஏறிவிட்டேன். தம்பி ஏறவில்லை. சுற்றிலும் பார்த்தால் பாதிப் பேர் கிளம்பவே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் மண்டபத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நூலை வரைபடத்தின் மேல் வளைத்து வளைத்து வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு வட்டம் போட்டு, அதன் நீளத்தைப் பார்த்து, ஒரு குறியை விட்டு, மறுபடி அளந்தார்கள். பத்து நிமிடம் அப்படியே போயிற்று. இவர்களைச் சுலபமாக வென்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வரைபடத்த நீ வச்சுக்கக்கா. நான் பின்னாடி வர்றேன்" என்றான் தம்பி. கைப்பிடியில் பொருத்தும் சுழலும் பலகையை என் வண்டியில் மாட்டினான். வண்டி திரும்பும்போதெல்லாம் பலகையையும் திருப்பி, வரைபடத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்த்தபடி வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் அக்கா இல்லையா. "சரி, நான் கேட்டா மட்டும் வாயைத் திற" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

அந்தச் சாலைகளை எப்படிச் சொல்வது? ஒரு கார் மட்டும் போகிற அகலம். நூற்றாண்டுக் கணக்கில் வண்டியும் மாடும் மழைநீரும் அரித்து, பல இடங்களில் சாலை வயலைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் புதர் வேலி. மே மாதம் என்பதால் முள்வேலி முழுக்க வெள்ளைப் பூ. அழகு என்னவோ அழகுதான். ஆனால் உள்ளே போனால் பச்சைச் சுவருக்கு நடுவில் வாய்க்காலில் போவது மாதிரி இருக்கும், எதுவும் தெரியாது. எங்காவது வயலுக்குக் கதவு வைத்திருக்கும் இடைவெளியில் நின்று எட்டிப் பார்த்தால்தான் மலை எந்தப் பக்கம் என்று தெரியும். இடதுபக்கம் ஓட்டுவது மட்டும் நம் ஊர் மாதிரி.

முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகப் போனது. ராட்லிங்ஹோப் என்ற ஊரின் தேவாலயத்தருகே முதல் குறி. உச்சரிப்புத்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதால் சொல்கிறேன். எழுதுவது ராட்லிங்ஹோப், உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'ராட்சப்'. நேரலையில் வாசித்திருந்தால் மானம் போயிருக்கும். சில குறிகளில் கம்பத்தில் துளையிடும் கருவி கட்டியிருந்தது, அட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். சிலவற்றில் கேள்விதான். ஒரு கிராமத்தில், சுவரில் பதித்த சிவப்புத் தபால் பெட்டியில் என்ன எழுத்து என்று கேட்டிருந்தார்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், ஜி.ஆர். என்றால் ஜார்ஜ், இ.ஆர். என்றால் எலிசபெத். இருந்தது ஜி.ஆர். புதரை விலக்கிப் பார்த்து எழுதிக்கொண்டபோது ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

குறுக்கு வழிகள் நிறைய. ஆனால் எல்லாவற்றிலும் போய்விட முடியாது. மஞ்சள் அம்பு போட்ட பாதை நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு போட்டது குதிரைப் பாதை. அதில் மிதிவண்டி போகலாம் என்று 1968-இல் சட்டம் வந்தது. குதிரைக்கும் நடப்பவருக்கும் வழிவிட வேண்டும், திறந்த கதவை மூட வேண்டும், மூடியிருந்ததை மூடியே வைக்க வேண்டும். ஒரு மஞ்சள் அம்புப் பாதையில் போனால் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. தம்பி தலையை ஆட்டினான். வாயைத் திறக்கவில்லை.

வென்ட்னர் என்ற கிராமத்தில்தான் வினை ஆரம்பித்தது. அது ஒரு மேட்டின் முதுகில் இருக்கும் ஊர். அங்கிருந்து கிழக்கே இறங்கி, ஓடையைக் கடந்து, மலையடிவாரத்தில் உள்ள ஆஸ்டர்ட்டனுக்குப் போக வேண்டும். தேவாலயத்தருகே குறியைக் குத்திவிட்டு, குஷியில் பலகையைத் திருப்ப மறந்துபோனேன். ஒரு சந்து சரிவாக இறங்கியது. இறங்க வேண்டும் என்று வரைபடமும் சொன்னது. இறங்கினோம். காற்று முகத்தில் அடித்தது. கீழே ஓடை வர வேண்டும். வந்தது. சரியான வழிதான் என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்து ஒரு முச்சந்தி வர வேண்டும். வந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்த மாதிரி இருந்தது, இருந்தால் என்ன. பண்ணை வீடு இடப்பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் இருந்தது. புதிதாகக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இருநூறு ஆண்டு பழைய கல் வீட்டைப் பார்த்து!

வயல் கதவு ஒன்றில் நின்று எட்டிப் பார்த்தபோதுதான் முதுகு சில்லிட்டது. எதிரே சுவர் மாதிரி நிற்க வேண்டிய லாங் மிண்ட், எனக்குப் பின்னால், வந்த மேட்டுக்கும் அப்பால் இருந்தது. கிழக்கே போவதாக நினைத்து மேற்கே இறங்கியிருக்கிறோம். ஓடை? மேட்டின் இரண்டு பக்கமும் ஓடை உண்டு. வரைபடத்தில் தெளிவாக நீலத்தில் போட்டிருக்கிறது. நான் பார்க்க விரும்பியதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இந்த விளையாட்டில் இது பழகிய தவறு என்று பிறகு சொன்னார்கள். வரைபடத்தைத் தரையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, தரையை வளைத்து வரைபடத்துக்குள் திணிப்பது. இதற்கு மருந்தும் சொல்கிறார்கள். கிளம்பும் முன்பே, 'இது வந்தால் நான் தாண்டிவிட்டேன்' என்று ஓர் அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எது வந்தால் சரி என்பது மட்டும் போதாது, எது வந்தால் தப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மணிக்கட்டில் சின்னத் திசைகாட்டி. முகத்தில் ஒன்றும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஊருலேர்ந்து இறங்கும்போதே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீதானே சொன்ன, கேட்டா மட்டும் வாயைத் திறன்னு."

அந்த முச்சந்தியில், ஒரு ஆட்டு மந்தை பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். சண்டை வழியைப் பற்றித் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் அப்பாவிடம் போய்விட்டது. அது அங்கேதான் போகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பா ஈப்போவில் முப்பத்திரண்டு ஆண்டு டாக்சி ஓட்டியவர். அவர் வரைபடம் பார்த்து நான் கண்டதில்லை. இந்த ஆண்டு ஜனவரியில், பெர்ச்சாம் வீட்டிலிருந்து சந்தைக்குக் கிளம்பியவர் சுங்கை சிப்புட்டில் இருந்தார். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்யும் பையன் அவரிடமிருந்து எண்ணை வாங்கி எங்களுக்கு அழைத்தான். மருத்துவர் சில சோதனைகள் எழுதிக் கொடுத்திருந்தார். நான் கார் சாவியை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் நான் திருத்துகிறேன் என்று தம்பி சொல்கிறான். தொலைபேசியில் பின்னணியில் கேட்கிறதாம். 'அது இல்லப்பா', 'அந்தப் பக்கம் இல்லப்பா', 'அது போன வாரம்ப்பா'.

"ஒரு தடவையாச்சும் அவரே கண்டுபிடிக்கட்டுமேன்னு விட்டிருக்கியா?"

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருந்துக்கிட்டு நீ சொல்லுவ. ஒரு பிள்ளைய இடிச்சுட்டா?"

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. சாவி விஷயத்தில் நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். மற்றதில்தான் அன்று தடுமாறிப்போனேன்.

இலண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய ஓர் ஆய்வை ஒருமுறை வானொலியில் சொல்லியிருக்கிறேன். சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருந்தால்தான் அவர்களுக்கு உரிமம். எலினார் மகுவாயர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம் பிடித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அனுபவம் கூடக் கூட அதன் அளவும் கூடியிருந்தது. இரண்டு நிமிடத் தகவல், அடுத்து ஒரு பாட்டு என்று நானும் கடந்துபோனேன். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று என்பதை ஜனவரிக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

வந்த வழியே மேடேறித் திரும்பினோம். இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. ஆஸ்டர்ட்டனை அடைந்தபோது கையில் 80 புள்ளி, மிச்சம் ஐம்பது நிமிடத்துக்கும் குறைவு. இரண்டு வழி இருந்தது. பள்ளத்தாக்கிலேயே திரும்பினால் வழியில் 20 புள்ளிக் குறி ஒன்று, நேரத்துக்கும் போய்விடலாம். அல்லது மலையேறி, முதுகுச் சாலையில் போய், போல் பேங்க் உச்சிக்குக் கீழே சாலையோரம் இருக்கும் 50 புள்ளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கலாம். வரைபடத்தில் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சாலையோரப் பலகை 25 சதவீதம் என்றது. நாலடி போனால் ஓரடி உயரம்.

"நீயே சொல்லு" என்றேன்.

"பள்ளத்தாக்கு" என்றான்.

"நான் மலைன்னு சொல்றேன்."

சிரித்துவிட்டான். ஏறினோம் என்று எழுத ஆசை. தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி ஏற்றத்தில் நம் தைப்பூசக் காவடி நினைவுக்கு வந்தது, குறைந்தபட்சம் அங்கே தண்ணீர் கொடுக்க ஆள் நிற்பார்கள். மேலே ஏறியதும் புதர்வேலி, மரம் எதுவும் இல்லை. காற்றும் செம்மறியாடுகளும்தான். மோட்டார் இல்லாத கிளைடர் விமானம் ஒன்று தலைக்கு மேல் சத்தமில்லாமல் போனது. மேற்கே வேல்ஸ் மலைகள் வரிசை வரிசையாக. போல் பேங்க் 516 மீட்டர். கேமரன் மலையோடு ஒப்பிட்டால் குன்றுதான். ஆனால் நாங்கள் சுற்றி அலைந்த மேடு, இரண்டு பக்கமும் ஓடை, நான் தப்பாக இறங்கிய சந்து எல்லாம் அங்கிருந்து தாளில் வரைந்தது போலத் தெரிந்தது. சும்மா இரண்டு நிமிடம் நின்றோம். பத்துப் புள்ளி போனது.

ஏழு நிமிடம் தாமதமாக மண்டபத்துக்குள் நுழைந்தோம். 80-உம் 50-உம் 130. கழிவு 35. ஆக 95. பள்ளத்தாக்கில் வந்திருந்தால் 100. தம்பி இதைச் சொல்லிக் காட்டவில்லை, மனத்துக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. கடைசியிலிருந்து நான்காவது இடம். முதல் இடம் அந்த நூல் பாட்டிகளுக்கு. ஒரு நிமிடம் மிச்சம் வைத்து, நடைப்பயிற்சி முடித்து வந்த மாதிரி வியர்க்காமல் வந்து சேர்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டேன். போகாத இடங்களைத்தான் முதலில் முடிவு செய்தோம் என்றார் ஒருவர், கேக்கைக் கடித்துக்கொண்டே.

இதே மாவட்டத்தில்தான் மச் வென்லாக் இருக்கிறது. வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற ஊர் மருத்துவர் 1850-இல் அங்கே சிறிய 'ஒலிம்பியன்' விளையாட்டுகளைத் தொடங்கினார். 1890-இல் கூபர்டின் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான்கு ஆண்டில் அனைத்துலக ஒலிம்பிக் குழு பிறந்தது. கிராம மண்டபத்துப் போட்டிகளை இங்கே யாரும் இலேசாக நினைப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

நம் ஊரில் முடியுமா என்று வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடியாமல் என்ன? குறி தேடி ஓடும் ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் ஓட்டம் 1938-இல் கோலாலம்பூரில் பிறந்து உலகெங்கும் போனது. செக்கிஞ்சான் வயல் சாலைகள் இருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாத்தியிலும் எண் பலகை வேறு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்கள் அந்தப் பாதைகளில் இருட்டில்கூட வழி தவறியதில்லை. அனுமதி வாங்க வேண்டும், வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும், நாய்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும். ஆர்வமுள்ள மிதிவண்டிக் குழுக்கள் இருந்தால் நான் வருகிறேன், வரைபடத்தை மட்டும் வேறு யாராவது வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு, இங்கே இரவு ஒன்பது, மண்டபத்து வாசலில் உறையைக் கிழித்துக் கைப்பேசியை எடுத்து அப்பாவை அழைத்தோம். காணொளியில் வரைபடத்தைக் காட்டினேன். முதலில் கேட்டார், "வடக்கு எது?" காட்டினேன். எங்கே தப்பாக இறங்கினோம் என்று விரலை வைத்துச் சொன்னேன். எந்தப் பக்கம் இறங்கினாலும் ஓடை வந்துவிட்டது, நான் என்ன செய்வது என்றேன்.

"ரெண்டு பக்கமும் ஓடை இருந்தா நீ மேட்டு மேல நிக்கிறேன்னு அர்த்தம்மா. இறங்குறதுக்கு முன்னாடி மலையப் பாக்கணும், தண்ணியப் பாக்கக்கூடாது" என்றார். பக்கத்தில் தம்பி தலையைத் திருப்பிக்கொண்டான்.

சாவி இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஈப்போவுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார். கைப்பேசி பின் இருக்கையில். பல வாரங்கள் நேராகச் சந்தைக்கே போய்விடுகிறோம். போன வாரம் செம்மோர் சாலையில் வெகுதூரம் வந்துவிட்டோம். நான் எதுவும் சொல்லவில்லை. கடைகள் குறைந்து, மரங்கள் வரத் தொடங்கின. ஒரு சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவர் இடப்பக்கச் சன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிளேடாங் மலை இந்தப் பக்கம் வரக்கூடாதே" என்றார். "திருப்பும்மா."